காணாமற் போன வால் நட்சத்திரம்

கார்த்திகை மாதத்தில், அடைமழை விட்டு வானம் துலங்கியிருக்கும் ஒரு விடியற்காலையில், மணி ஐந்தேகால் சுமாருக்கு, திருப்பனந்தாளில் ஊரை விட்டுச் சற்றே வெளியே வந்து தென்கிழக்கே பாருங்கள். கண்ணை மறைக்க மலை கிடையாது. மண்ணியாற்றுப் பாசனத்தில் நிற்கும் சம்பாப் பயிரும், ஊரின் பெயரிலேயே இடம் பிடித்துக்கொண்ட பனையில் இரண்டொன்றும்தான் குறுக்கே நிற்கும்.

கிழக்கே மூன்றில் ஒரு பங்கு வானத்துக்கு மேல் ஏறி, வெள்ளை வெளேரென்று பிரகாசிப்பது சித்திரை நட்சத்திரம். அதற்கு இடப்புறம் பொன்னிறமாக ஜொலிப்பது சுவாதி. பஞ்சாங்கத்தில் தினமும் பெயரைப் படிக்கிறோமே, அவைதாம். சித்திரைக்குக் கீழே, வலப்புறமாகச் சாய்ந்து, பனையின் தலைக்கு மேலே மஞ்சள் சாயலுடன் தனியாக ஒரு நட்சத்திரம் தெரியும். அது அவ்வளவு பிரசித்தமானது அல்ல. ‘குதிரை மனிதன்’ என்று மேல்நாட்டார் அழைக்கும் சென்டாரஸ் மண்டலத்தில், தீட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படுவது.

1872-ஆம் ஆண்டில் அந்த நட்சத்திரத்தின் அருகே ஒரு பொருளைத் தேடச் சொல்லி, ஜெர்மனியிலிருந்து சென்னைக்கு அவசரத் தந்தி ஒன்று பறந்து வந்தது. தேட வேண்டிய பொருள், இருபது வருஷங்களாகக் காணாமற் போயிருந்த ஒரு வால் நட்சத்திரம்!

ராணுவ அதிகாரியின் கண்ணில் பட்டது

வால் நட்சத்திரம் என்றதும் ஹாலி வால் நட்சத்திரம்தான் பலருக்கும் நினைவு வரும். சுமார் 76 வருஷத்துக்கு ஒரு தடவை வருவது அது. 1986-ல் வந்து போயிற்று. இனி 2061-ல் வரும். ஆனால் எல்லா வால் நட்சத்திரங்களும் அப்படி ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. பெரும்பாலானவை வாலே தெரியாத சிறு புகைத் திட்டுகள். தூரதிருஷ்டிக் கண்ணாடியில் மட்டுமே அகப்படுபவை. சில ஐந்தாறு வருஷங்களுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவிட்டுப் போகும். அவற்றை யாரும் திருவிழாப் போல வரவேற்பதில்லை. பொறுமைசாலிகள் சிலர் மட்டும் இரவு கண் விழித்து, எங்கே இருக்கிறது, எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று குறித்து வைப்பார்கள்.

பீலா வால் நட்சத்திரம் அந்த ரகத்தைச் சேர்ந்தது. 1826-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பொஹிமியாவில் பணியாற்றிய வில்ஹெல்ம் வான் பீலா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி அதைக் கண்டார். கணக்குப் போட்டுப் பார்த்ததில், 1772-லும் 1805-லும் பிறர் கண்டதும் இதே ஆசாமிதான் என்று தெரிய வந்தது. சூரியனை ஒரு தடவை சுற்றி வர அதற்கு ஆறேமுக்கால் வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலம் பிடித்தது. ஹாலி, என்கே ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக, திரும்பத் திரும்ப வருவது என்று நிச்சயமான மூன்றாவது வால் நட்சத்திரம் அது.

1832-ல் அது ஐரோப்பாவையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது. அது செல்லும் பாதை, பூமி செல்லும் பாதைக்கு மிக அருகில் குறுக்கிடுவதாகக் கணித மேதைகள் சொன்னார்கள். ‘உலகம் அழியப் போகிறது’ என்று பத்திரிகை படித்தவர்கள் அலறினார்கள். இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாலேயே வண்டிகள் மோதிவிடுமா? வால் நட்சத்திரம் அந்த முச்சந்தியைக் கடந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் பூமி அங்கே வந்து சேர்ந்தது. உலகம் பிழைத்துக்கொண்டது.

ஒன்று இரண்டாயிற்று

ஆபத்து பூமிக்கு வரவில்லை. வால் நட்சத்திரத்துக்கே வந்தது. 1845-ஆம் ஆண்டு கடைசியில் திரும்பி வந்தபோது சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் அது இரண்டாகப் பிளந்திருப்பதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்டு திகைத்தார்கள். தாயும் சேயும் போல இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பிரயாணம் செய்தன. சில நாட்கள் ஒன்று பிரகாசமாக இருந்தது. பிறகு அது மங்கி மற்றது ஒளி வீசிற்று. யார் தாய், யார் சேய் என்றே சொல்ல முடியவில்லை.

1852-ல் இரண்டும் மறுபடி வந்தன. அதற்குள் இடைவெளி பத்து லட்சம் மைலுக்கும் மேல் ஆகிவிட்டது. அதுதான் கடைசி. 1859-ல் வந்திருக்க வேண்டிய சமயம், சூரிய ஒளியின் அருகாமையில் தேடவே வசதிப்படவில்லை. 1866-ல் நல்ல வசதி இருந்தும், கணக்குச் சொன்ன இடத்தில் வானம் காலியாக இருந்தது. 1872-லும் அதே கதைதான்.

அப்போதுதான் நவம்பர் 27-ஆம் தேதி இரவு, ஐரோப்பாவின் வானத்தில் எரி நட்சத்திர மழை கொட்டிற்று. இத்தாலியில் மொன்காலியேரி என்ற ஊரில் நான்கு பேர் உட்கார்ந்து, ஆறரை மணி நேரத்தில் 33 ஆயிரத்துக்கு மேல் எண்ணினார்கள். எல்லாம் ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் ஒரே இடத்திலிருந்து சிதறி வருவது போலத் தோன்றின. பீலாவின் பாதையைப் பூமி குறுக்கே கடக்கும் நாள் அது. காணாமற் போனவன் வழி நெடுகச் சிந்திவிட்டுப் போன தூசியில்தான் பூமி புகுந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

கோட்டிங்கனிலிருந்து தந்தி

ஜெர்மனியில் கோட்டிங்கன் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் கிளிங்கர்ஃப்யூஸ் ஒரு படி மேலே யோசித்தார். தூசி வந்தது என்றால் வால் நட்சத்திரமே பூமியை உரசிக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? தூசி ஆண்ட்ரோமீடா திசையிலிருந்து வந்தது. அப்படியானால், பூமியைத் தாண்டிய பிறகு அது நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். வட வானத்தில் இருக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கு நேர் எதிரே, தென் வானத்தில் இருப்பது சென்டாரஸின் தீட்டா!

ஆனால் கோட்டிங்கனில் அந்த நட்சத்திரம் அடிவானத்தை விட்டு மூன்று டிகிரிக்கு மேல் எழும்புவதே இல்லை. தெற்கே இருக்கும் ஓர் ஊர் வேண்டும். அங்கே நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டும். அதில் கண் வைக்கத் தேர்ந்த ஆளும் வேண்டும். மூன்றும் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்தன. லண்டனிலிருந்து ஜெர்மனி, ருஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டு அப்போது இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கம்பி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. கப்பலில் கடிதம் போட்டிருந்தால், அது வந்து சேர்வதற்குள் வால் நட்சத்திரம் எங்கேயோ போயிருக்கும்.

நவம்பர் 30-ஆம் தேதி இரவு சென்னைக்குத் தந்தி வந்தது. 27-ஆம் தேதி பீலா பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள் என்பதுதான் செய்தி. தந்தியைப் பெற்றவர் நார்மன் ராபர்ட் போக்ஸன்.

ஒளிக்கு அளவுகோல் தந்தவர்

போக்ஸன் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1861-ல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பேற்று வந்தார். 1891-ல் இறக்கும் வரை, முப்பது வருஷம் இங்கேயே உழைத்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறு கிரகங்களில் எட்டைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஐந்து சென்னையில் கண்டவை. வந்த வருஷமே கண்ட ஒன்றுக்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்.

ஆனால் உலகம் முழுவதும் வான சாஸ்திரிகள் அவர் பெயரை அன்றாடம் சொல்வதற்குக் காரணம் வேறு. நட்சத்திரங்களின் பிரகாசத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரங்களாகப் பிரிப்பது பண்டைய கிரேக்கர் வழக்கம். வெறுங்கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிவது ஆறாம் தரம். தரம் என்றால் எவ்வளவு? ஒருவர் ஐந்து என்பதை இன்னொருவர் ஆறு என்பார். 1856-ல் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது போக்ஸன் இதற்கு ஒரு நியதி சொன்னார். முதல் தரம் ஆறாம் தரத்தைப் போல 100 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சரியாகச் சொன்னால் 2.512 மடங்கு. இன்று விண்ணில் பறக்கும் தொலைநோக்கிகள் காணும் முப்பதாம் தரப் பொருள் வரை எல்லாம் இந்த அளவுகோலில்தான் அளக்கப்படுகின்றன. மரக்கால் போட்டு அளந்தவரிடமே கொடுத்தது போல, மங்கலான பொருளைத் தேடும் காரியம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

மேகத்தில் ஒரு நீலத் துண்டு

ஆனால் அது கார்த்திகை மாதம் அல்லவா? சென்னையில் வடகிழக்குப் பருவ மழைக் காலம். தேட வேண்டிய இடம் விடியற்காலை நாலு மணி சுமாருக்குத்தான் அடிவானத்துக்கு மேலே வரும். ஆறு மணிக்குள் வெளிச்சம் வந்துவிடும். இடையில் இருப்பது இரண்டு மணி நேரமே.

முதல் நாள் விடியற்காலை மேகம். இரண்டாம் நாள் மேகமும் மழையும். மூன்றாம் நாள், ஐந்தரை மணி வாக்கில், மேகத்தினிடையே நீலமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. போக்ஸன் தூரதிருஷ்டியைத் திருப்பினார். அங்கே வட்டமாக, நடுவில் ஒளிப் புள்ளியுடன் ஒரு பொருள்! வால் இல்லை. பக்கத்தில் இருந்த பெயரற்ற ஒரு நட்சத்திரத்தோடு நாலு முறை ஒப்பிட்டு அளந்தார். நாலு நிமிஷ இடைவெளியிலேயே அது இடம் பெயர்ந்திருந்தது. நட்சத்திரம் நகராது, நகர்வது வால் நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் பலபலவென்று விடிந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை இன்னும் நல்ல வாய்ப்புக் கிடைத்தது. பல நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு நிறைய அளவுகள் எடுத்தார். முதல் நாளைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மங்கலாக ஒரு வாலும் இருந்தது. பூர்ணச் சந்திரனின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு நீளம். பீலாவின் இன்னொரு துண்டு பக்கத்தில் இருக்கிறதா என்று தேட அவருக்கு நேரமில்லை. சரி, நாளைக்குப் பார்ப்போம்.

அந்த ‘நாளை’ வரவே இல்லை. மறுபடி மேகம் மூடிக்கொண்டது, மழை கொட்டிற்று. அந்த வால் நட்சத்திரத்தைப் போக்ஸனும் பார்க்கவில்லை. உலகத்தில் வேறு யாருமே பார்க்கவில்லை.

இந்த இரண்டு விடியற்காலைகளுக்கும் புத்தகங்களில் டிசம்பர் 2, 3 என்று தேதி போட்டிருக்கும். நம் கணக்கில் அவை 3, 4. அக்காலத்து வான சாஸ்திரிகளுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் புதுத் தேதி பிறக்கும்; இரவு முழுவதும் ஒரே தேதியில் இருப்பது கணக்கு எழுத வசதி. சூரியோதயத்தில் நாளைத் தொடங்கும் நம் பஞ்சாங்கத்திலும் விடியற்காலை முந்தின நாளைத்தானே சேருகிறது!

மூன்றாவது தடவை ஏன் வேண்டும்?

இரண்டு நாள் பார்த்தாயிற்றே, போதாதா என்று கேட்கலாம். போதாது. அதில்தான் இந்தக் கதையின் துக்கம் இருக்கிறது.

இருட்டில் கொள்ளிடக் கரையில் நிற்கிறீர்கள். அக்கரைப் பக்கம் ஒரு விளக்கு நகர்கிறது. அது பக்கத்தில் மெல்ல நடந்து போகிறவர் கையிலுள்ள அரிக்கன் விளக்கா, அல்லது வெகு தொலைவில் வேகமாகப் போகும் லாரியின் விளக்கா? திசை தெரிகிறது, தூரம் தெரியவில்லை. வால் நட்சத்திரத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். ஒரு தடவை பார்த்தால் கிடைப்பது இரண்டே எண்கள்: இடவலமாக எங்கே, மேல்கீழாக எங்கே என்பவை. ஆனால் சூரியனைச் சுற்றும் ஒரு பாதையைத் தீர்மானிக்க ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு ஒடுங்கியது, எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சூரியனை எப்போது நெருங்கும் என்பவை எல்லாம் அந்த ஆறில் அடக்கம். ஆறுக்கு மூன்று தடவை பார்த்தாக வேண்டும். மூன்று பார்வையிலிருந்து பாதையைக் கண்டுபிடிக்கும் வழியை ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-ல் கண்டு, தொலைந்து போன சீரிஸ் என்ற சிறு கிரகத்தை மீட்டுக் கொடுத்தார்.

போக்ஸனிடம் இருந்தது இரண்டு பார்வை, நான்கே எண்கள். மூன்றாவது விடியற்காலை பத்து நிமிஷம் வானம் திறந்திருந்தால், வானாராய்ச்சியில் ஒரு பெரிய வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்திருக்கும்.

சோழியும் வாக்கியமும்

கணக்குப் போடுவதில் தமிழ்நாட்டார் இளைத்தவர்கள் அல்ல. போக்ஸனுக்கு ஐம்பது வருஷம் முன்பே, அதே சென்னை நிலையத்தை ஒரு காலத்தில் நிர்வகித்த ஜான் வாரன் என்பவர், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, 1825-ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். கிரகண ஆரம்பத்தில் நாலு நிமிஷமே பிசகு. முடிவில் முக்கால் மணிக்குச் சற்று மேல் பிசகிற்று. வாரன் இதைத் தமது ‘காலசங்கலித’ நூலில் எழுதி வைத்திருக்கிறார். காவிரிக் கரை ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்தது இந்த வாக்கிய முறைதான்.

சந்திரன் சொன்ன காலத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறது; அதன் போக்கை வாக்கியமாக்கி மனப்பாடம் செய்துவிடலாம். வால் நட்சத்திரத்துக்கு வாக்கியம் கட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும்.

கண்ணால் பார்ப்பதை வற்புறுத்திய ஒரு தமிழகத்து வான சாஸ்திரி அப்போது போக்ஸனிடமே முதல் உதவியாளராக இருந்தார். அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1867-ல் பிரகாசம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1872-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கத்தில் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874-ல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, பொது ஜனங்களுக்காக நம் நாட்டு மொழிகளில் புத்தகம் எழுதி வெளியிட்டார். வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று 1880-ல் மறையும் வரை வாதாடினார். திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதற்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் அவர் ஒருவர் என்பதை நினைக்க வேண்டும்.

தீர்ப்பு என்ன?

போக்ஸன் கண்டது பீலாதானா? அவருக்குச் சந்தேகம் இல்லை. தந்தி சொன்ன இடத்தில், சொன்ன காலத்தில், வால் நட்சத்திரம் இருந்ததே!

ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. பீலாவின் பாதை முன்பே தெரியும். அதன் இரு துண்டுகளும், பூமி வருவதற்கு ஏறக்குறைய 12 வாரம் முன்பாகவே அந்த முச்சந்தியைக் கடந்திருக்க வேண்டும். டிசம்பரில் அவை வேறெங்கோ இருந்திருக்கும். போக்ஸன் எடுத்த நான்கு எண்கள் புதுப் பாதை ஒன்றைச் சொல்லப் போதாவிட்டாலும், பழைய பாதை பொருந்துகிறதா என்று சோதிக்கப் போதும். பொருந்தவில்லை. ஆகவே, கிளிங்கர்ஃப்யூஸின் யூகம் தவறு. ஆனாலும் தவறான யூகத்தை நம்பிப் பார்த்த இடத்தில், யாருக்கும் தெரியாத வேறொரு வால் நட்சத்திரம் தற்செயலாக அகப்பட்டது! வீட்டை விட்டு ஓடிய பையனைத் தேடிப் போனவர், அதே ரயிலடியில் வேறொரு பையனைக் கண்ட கதைதான்.

1885-ஆம் ஆண்டு நவம்பர் 27-ல் மறுபடியும் எரி நட்சத்திர மழை பிரமாதமாகப் பொழிந்தது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. பீலா திரும்பி வரவே இல்லை.

பனிக்கட்டி ராக்கெட்

வால் நட்சத்திரம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? இரண்டு காரணங்கள். வழியில் வியாழன் கிரகத்தை நெருங்கினால் அதன் ஈர்ப்பு பாதையை வளைத்துவிடும். இதைக் கணக்கில் சேர்த்துவிடலாம். இரண்டாவது காரணம் வெகு காலம் புரியாத புதிராக இருந்தது. மூன்றேகால் வருஷத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் சூரியனைச் சுற்றும் என்கே வால் நட்சத்திரம், ஒவ்வொரு சுற்றிலும் கணக்குக்கு இரண்டரை மணி நேரம் முந்தி வந்தது. 1950-ல் அமெரிக்க விஞ்ஞானி ஃப்ரெட் விப்பிள் விடை சொன்னார். வால் நட்சத்திரத்தின் உடல் தூசி கலந்த பனிக்கட்டி. சூரியச் சூட்டில் பனி ஆவியாகிப் பீறிடும்போது, தீபாவளி வாணத்தை அதன் புகை தள்ளுவது போல வால் நட்சத்திரத்தையும் தள்ளுகிறது. அழுக்குப் பனிக்கட்டியே ஒரு ராக்கெட்!

பிரகாசக் கணக்கும் இதையே சொல்கிறது. பூமிக்கு உள்ள தூரம் பாதியானால் ஒளி நாலு மடங்காகும். சூரியனுக்கு உள்ள தூரம் பாதியானாலோ, வெயிலும் கூடி ஆவியும் கூடுவதால், சாதாரணமாகப் பதினாறு மடங்கு வரை ஆகும். ஒவ்வொன்றுக்கும் இது சற்று மாறும். சுற்றுக்குச் சுற்று மங்கிக்கொண்டே வந்தால், பனி தீர்ந்து வருகிறது என்று அர்த்தம். திடீரென்று ஒளி கூடினால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஹோம்ஸ் என்ற வால் நட்சத்திரம் ஏழு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும் சாதுவான ஆள். 2007-ஆம் ஆண்டு அக்டோபரில், இரண்டு நாட்களுக்குள் பதினேழாம் தரத்திலிருந்து மூன்றாம் தரத்துக்கு ஏறிவிட்டது. போக்ஸனின் அளவுகோலில் பதினான்கு படிகள். அதாவது சுமார் நாலு லட்சம் மடங்கு! தெருவில் நின்றவர்கள் வெறுங்கண்ணாலேயே கண்டார்கள். ஸ்வாஸ்மன்-வாக்மன் என்ற ஜோடிப் பெயர் கொண்ட மூன்றாவது வால் நட்சத்திரம் 1995-ல் எதிர்பாராமல் பிரகாசித்தது. பார்த்தால் அது உடைந்திருந்தது. 2006-ல் திரும்பியபோது பல டஜன் துண்டுகளாக வரிசையாக வந்தது. பீலாவுக்கு நேர்ந்த கதியை நம் காலத்தில் நேருக்கு நேர் பார்த்தாயிற்று.

இந்தப் பிரகாசத்தை எப்படி அளக்கிறார்கள்? நட்சத்திரம் புள்ளி, வால் நட்சத்திரம் பஞ்சுத் திட்டு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? எளிய தந்திரம் ஒன்று உண்டு. முதலில் வால் நட்சத்திரத்தின் அளவை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். பிறகு கண்ணாடியின் குவிப்பைக் கலைத்து, தரம் தெரிந்த நட்சத்திரங்களும் அதே அளவு திட்டாகத் தெரியும்படி செய்வார்கள். எந்த நட்சத்திரத்தின் திட்டு ஒத்திருக்கிறதோ அதுதான் தரம். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. நல்ல இரட்டைக் கண் தொலைநோக்கி ஒன்றும், விளக்கு வெளிச்சம் இல்லாத இருட்டும் போதும். இன்று புகைப்படக் கருவிகளும் கணிப்பொறிகளும் வந்துவிட்டாலும், இப்படிக் கண்ணால் அளப்பவர்களின் குறிப்புகளை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. நுங்கம்பாக்கத்தில் இன்று அந்த இருட்டு இல்லை. காவிரி டெல்டாவின் வயல்வெளியில், தெருவிளக்குகளுக்கு அப்பால் போனால் இன்னும் இருக்கிறது.

சென்னையிலிருந்து காவலூருக்கு

நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி வேலை 1899-ல் கொடைக்கானலுக்கு மாறிற்று. 1792-ல் அங்கே நாட்டிய கருங்கல் தூண் மட்டும், தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறிப்புடன், வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது.

வால் நட்சத்திர வேட்டையில் நம்மவர் பெயரும் உண்டு. 1927-ல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த படத்தில் புது வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். ஆசிரியர் பாக், சக மாணவர் நியூகிர்க் பெயர்களுடன் சேர்த்து அதற்குப் பாப்பு பெயர் வைக்கப்பட்டது. அது பீலாவைப் போல அடிக்கடி வருவதல்ல. மறுபடி வரச் சுமார் அறுபதாயிரம் வருஷம் ஆகும்! நாடு திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரில் புது வானாராய்ச்சி நிலையத்தை உருவாக்கினார். 1986-ல் திறக்கப்பட்ட அங்குள்ள பெரிய தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988-ல் அதே காவலூரில் ராஜமோகன் ஒரு சிறு கிரகத்தைக் கண்டார். போக்ஸன் 1885-ல் கடைசியாகக் கண்டதற்குப் பிறகு, நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து இந்திய மண்ணிலிருந்து கண்ட சிறு கிரகம் அதுதான். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் நினைவாக அதற்கு ‘ராமானுஜன்’ என்று பெயர் வைத்தார்கள்.

பதிவேட்டில் இரண்டு எழுத்து

வால் நட்சத்திரங்களுக்கெல்லாம் உலகப் பொதுவான பதிவேடு ஒன்று இருக்கிறது. திரும்பி வருவது நிச்சயமானவற்றுக்கு வரிசை எண்ணுடன் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. பீலாவின் எண் மூன்று. ஆனால் அதன் பக்கத்தில் இருப்பது ‘பி’ அல்ல, ‘டி’. மாண்டு போயிற்று அல்லது மறைந்து போயிற்று என்பதற்கு அடையாளம்.

போக்ஸன் சென்னையில் கண்டதற்கும் பதிவேட்டில் இடம் உண்டு. அதற்கு இரண்டு ‘எக்ஸ்’. வருஷத்துக்குப் பின்னால் வரும் ‘எக்ஸ்’, டிசம்பர் முதல் பாதியில் கண்டது என்பதைக் குறிக்கும். முன்னால் வரும் ‘எக்ஸ்’ வேறு. பாதை கணிக்க முடியாத வால் நட்சத்திரம் என்பது அதன் பொருள். மேகம் விலகி ஒரே ஒரு விடியற்காலை கூடக் கிடைத்திருந்தால், அந்த முதல் எழுத்து மாறியிருக்கும்.